கால்சியம் ஸ்கேன் இருக்கட்டும், முதலில் நெஞ்சு இறுக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது, சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்யும்போதே 50 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். கூட்டாளி ஒருவர் ஈப்போவில் இருதயக் கால்சியம் ஸ்கேன் எடுத்தார், சைபர் என்று வந்ததும் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருக்கு இனிப்புநீர் உண்டு. நானும் எடுக்கலாமா? என் தம்பிக்கு 46 வயது, அவனையும் கூட்டிப் போகலாமா? ஒரு மாதமாகக் குலை ஏற்றும்போது நெஞ்சு கொஞ்சம் இறுக்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

பதில்: அண்ணே, போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பாரம் தூக்கினால் இறுக்குகிறது, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் இருதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், வேறு காரணம் என்று உறுதியாகும் வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கால்சியம் ஸ்கேன் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது, உங்களுக்கு அது வேண்டாம். நாளைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. நன்றாக வரக்கூடும், அதை வைத்து வீட்டுக்குத் திரும்பிவிடாமல், "குலை தூக்கும்போது இறுக்குகிறது, அப்பா 50-ல் போய்விட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். அதுவரை பாரம் தூக்க வேண்டாம். உட்கார்ந்தும் இறுக்கம் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, கைக்கோ தாடைக்கோ வலி ஏறுகிறது என்றால் உடனே 999, நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

சரி, தம்பிக்கு வருவோம். இந்த ஸ்கேனுக்கு ஊசி கிடையாது, மூச்சைச் சில விநாடி பிடித்துக்கொண்டு படுத்தால் போதும், கதிர்வீச்சும் ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட்தான். 1990-ல் அகாட்ஸ்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த கணக்கில்தான் இன்றும் எண் போடுகிறார்கள். ஆனால் அது எண்ணுவது குழாய்ச் சுவரில் கெட்டியாகிப்போன சுண்ணாம்பை மட்டும். புதிதாகப் படிந்த இளகிய கொழுப்பு அதில் தெரியாது, மாரடைப்பு அதனாலும் வரும். சைபர் என்றால் அடுத்த சில வருடங்களுக்கு ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

தம்பிக்கு நெஞ்சில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் முதலில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அதே கிளினிக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்கட்டும். கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) லிட்டருக்கு 4.9 மில்லிமோலைத் தொட்டாலே ஸ்கேனுக்கு வேலையில்லை, மாத்திரைதான். கொழுப்பு சுமாராக இருந்து, மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும்போதுதான் இந்த ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் உண்டு. ஸ்கேன் எண் 100-க்கு மேல் வந்தால் தயங்காமல் தொடங்க வேண்டும், 1 முதல் 99 வரை என்றாலும் தொடங்குவதே நல்லது என்பேன். சைபர் வந்தாலும் அப்பாவின் கதையை டாக்டரிடம் சொன்ன பிறகே முடிவு. சிகரெட் பழக்கம் இருந்தால் எந்த எண் வந்தாலும் விட்டே ஆக வேண்டும்.

உங்கள் கூட்டாளி விஷயம்தான் எனக்குக் கவலை. 40 வயதைத் தாண்டி இனிப்புநீரும் இருந்தால் ஸ்கேனில் சைபர் வந்தது என்பதற்காக அந்தக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் ஏறுவதும் உண்டு, இளகிய கொழுப்பு கெட்டியாவதால் அப்படி வரும், அதைப் பார்த்தும் பயந்து நிறுத்தக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கையோடு கூட்டிப் போங்கள், மீந்த மாத்திரை அட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.