ஓரடிக்குள் தெரியும் வேலை

கேள்வி: அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நடக்கும் குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு) கண்காட்சிகளில் முதல் பரிசெல்லாம் இப்போது ஓவியம் மாதிரி துணியை வெட்டி ஒட்டிய 'ஆர்ட் குவில்ட்'டுக்கே போகிறது. ஒன்றரை வருடம் கையால் தைத்த விரிப்பு இரண்டாம் இடத்தில் நிற்கிறது. போர்த்திக்கொள்ள முடியாத ஒன்றைக் குவில்ட் என்று ஏன் உள்ளே விட வேண்டும்?
- ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: உங்கள் வருத்தம் நியாயம். அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் தப்பு.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். குவில்ட் என்றால் இதுதான். போர்த்துவதும் மாட்டுவதும் அவரவர் விருப்பம். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1886இல் காட்சிக்கு வைத்த பைபிள் குவில்ட்டைப் பாருங்கள். மொத்தம் 11 கட்டங்கள். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், யாக்கோபின் கனவு, கடைசி விருந்து என்று துணியை உருவங்களாக வெட்டி, கையாலும் மெஷினாலும் தைத்திருக்கிறார். முதலில் விற்க மறுத்தவர், பிறகு பணமுடையில் அதை 5 டாலருக்குக் கொடுத்தார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை மரபில் சேர்ப்பீர்களா, கலையில் சேர்ப்பீர்களா?

இன்னொன்று. 1971இல் நியூயார்க் விட்னி கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல மாட்டி வைத்தது பழைய படுக்கை விரிப்புகளைத்தான். கலைக் குவில்ட்டுக்கென்றே ஒஹையோவில் 'குவில்ட் நேஷனல்' காட்சி தொடங்கியது அதற்கு 8 வருடம் கழித்து, 1979இல். கென்டக்கியின் படுகா நகரப் போட்டியில் 1989இல் மெஷின் தையல் போட்ட குவில்ட் முதல்முறையாகத் தலைப்பரிசு வாங்கியபோதும், "மெஷினில் தைத்தால் அது குவில்ட்டா?" என்று சண்டை போட்டார்கள். இன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

'ஒட்டிவைத்தது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்தாளை நாலைந்து அடுக்குப் போட்டால் துணி அட்டையாகிவிடும். ஊசியில் பசை ஏறித் தையல் விட்டு விட்டு விழும். தெரிந்தவர்கள் பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் வைப்பார்கள். படத்தில் இருக்கும் முகத்தில் மட்டும் நெருக்கமாகத் தையல் போட்டுப் பின்னணியைச் சும்மா விட்டால், தைத்த இடம் சுருங்கும், தைக்காத இடம் உப்பும், மாட்டியதும் ஓரமெல்லாம் அலை அலையாகத் தொங்கும். மணியும் கல்லும் அதிகம் வைத்தால் கனத்தில் கீழே இழுக்கும். பெயின்ட் பூசியதை மடித்து அனுப்பினால் மடிப்பில் வெடிக்கும், சுருட்டித்தான் அனுப்ப வேண்டும். இப்படிப்பட்ட குறை தெரிந்தும் நிறத்தைப் பார்த்து நடுவர் பரிசு கொடுத்தால், அது நடுவரின் பிழை.

சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைக்கும் மரபுக் குவில்ட்டில் கணக்கு இன்னும் கறார். தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம். நூலிழை கூடி 1/32 அங்குலம் அதிகமாகப் பிடித்தால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 1/16 அங்குலம் போகும். ஒரு வரிசையில் 16 தையல் இருந்தால் முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போகும். அடுத்த வரிசை அதோடு சேராது. துண்டுகளால் அமைத்த நட்சத்திர வடிவங்களின் முனைகள் வெட்டுப்படும். பார்டருக்குத் துணி வெட்டும்போது குவில்ட்டின் ஓரத்தை அளப்பவர்களுக்கு அலைதான் கிடைக்கும், ஏனென்றால் ஓரம் கையாளும்போதே இழுபட்டிருக்கும். நடுவில் அளந்து, அந்த அளவுக்கே வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தைக்க வேண்டும்.

இனி உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். கலைக் குவில்ட் பத்தடி தூரத்திலேயே ஆளை நிறுத்திவிடும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் போட்ட கைவேலை ஓரடிக்குள் போனால்தான் தெரியும். அதுவும் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் தையலின் பள்ளம் மேடு மறைந்து, வெறும் வெள்ளைத் துணியாகத் தெரியும். இருவர் தூக்கிப் பிடிக்க, நடுவர் எட்ட நின்று ஒரு பார்வை பார்த்து "அடுத்தது" என்று சொல்லும் இடத்தில் கைத்தையல் தோற்கத்தான் செய்யும். நீங்கள் தட்டிக் கேட்க வேண்டியது இதைத்தான். மரபு, கலை இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு வேண்டும். படுகாவில் இருப்பதுபோலக் கைத்தையலுக்கென்று தனிப் பரிசு வேண்டும். இறுதிச் சுற்றிலாவது குவில்ட்டை மேசையில் விரித்து, பின்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவுக்கு இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கலைக் குவில்ட்டை வெளியே தள்ளச் சொல்லி எழுதினால் கடிதம் குப்பைக்குப் போகும். போவதும் சரிதான்.

அடுத்த முறை அனுப்புமுன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒத்துவராவிட்டால் நனைத்து, சதுரமாக இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். சாயம் இறங்குமா என்று சிவப்புத் துணியை அதற்கு முன்பே தனியாக நனைத்துப் பார்த்திருக்க வேண்டும். விளிம்புப் பட்டியை விரலால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே பஞ்சு கடைசிவரை நிரம்பியிருக்க வேண்டும். மூலை மடிப்பையும் தைத்து மூடுங்கள். பின்னால் கம்பி நுழைக்கும் நாலங்குலப் பையை இறுக்கித் தைக்காமல் அரை அங்குலம் தளர்வாக விடுங்கள். இல்லாவிட்டால் கம்பியின் தடிப்பு முன்பக்கம் மேடாகத் தெரியும், உங்கள் வரிசை எவ்வளவு நேராக இருந்தாலும் மேல்வரிசை வளைந்ததுபோல் காட்டும்.