கைக்குப் பழகாத பைக்கோடு விரைவுச்சாலையில் ஏறலாமா?

கேள்வி: 200சிசி வரையிலான மோட்டார்சைக்கிளுக்கான 2பி உரிமம் எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஆறு வயதான 150சிசி கியர் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் இன்னும் நான்கு ஆண்டுக்கு இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் குறுகிய பலகைமேல் ஓட்டுவதிலும் எட்டுப் போடுவதிலும் தடுமாறாத எனக்கு, சொந்த பைக் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துபோகிறது. பின்னால் வரும் கார் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது. செயின் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறது ஒரு பட்டறை. இறுக்கினால் போதும் என்கிறது இன்னொன்று. ஈசூனிலிருந்து ஜூரோங்கிற்குக் காலை 7 மணி ஷிஃப்ட்டுக்குப் போகத்தான் பைக்கே வாங்கினேன். அம்மாவோ நான் பைக் வாங்கியதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. எப்போது விரைவுச்சாலையில் போகலாம்? நானே கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

பதில்: நீங்கள் ஓட்டக் கற்றுக்கொண்டது பள்ளியின் பைக்கை. இந்த பைக்கின் கிளட்ச் எங்கே பிடிக்கும், பிரேக் எவ்வளவு அழுத்தினால் கடிக்கும் என்பதெல்லாம் உங்கள் கைக்கு இன்னும் தெரியாது. வேறொருவர் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுவது போன்ற தடுமாற்றம்தான் இது, திறமைக் குறைவு இல்லை. முதல் சில வாரங்களுக்கு உங்களுக்கு ஒரே வேலை: நல்ல நிலையில் இருக்கும்போது இந்த பைக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது. சத்தம், அதிர்வு, லீவரின் தளர்ச்சி, செயினின் தொய்வு எல்லாம் எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான், ஒருநாள் ஏதாவது மாறினால் அது கண்ணில் படும். பட்டறைக்காரர் சொல்வது சரியா என்று எடைபோடவும் அப்போதுதான் முடியும்.

சிக்னலில் அணைவதை முதலில் பார்ப்போம். கிளட்ச் லீவரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கேபிள் இறுகுவதற்கு முன் லீவர் சும்மா நகரும் தூரம் ஒன்று உண்டு. பெரும்பாலான சிறிய பைக்குகளில் அது நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், லீவரை முழுதாக அழுத்தினாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது. நியூட்ரல் கிடைக்காமல் படுத்தும், முதல் கியர் போட்டதும் பைக் முன்னால் உந்தும், நின்ற இடத்தில் அணையும். தளர்ச்சியே இல்லாவிட்டால் எதிர்ப்பக்கச் சிக்கல்: கிளட்ச் வழுக்கி, எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாது. இதைச் சரிசெய்ய லீவர் பக்கத்திலேயே ஒரு திருகு இருக்கும். சில நிமிட வேலைதான். பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தளர்ச்சி சரியாக இருக்கிறதென்றால், பழக வேண்டியது உங்கள் இடது கை. ஆளில்லாத சமதளமான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க, வேகம் கூட்டும் திராட்டிலைத் தொடாமல் கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் சற்றே தாழும், பைக் மெல்ல முன்னால் சாயும். அங்கேயே நிறுத்தி மறுபடி அழுத்துங்கள். கை அந்த இடத்தைத் தேடாமல் தானாகப் போய் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். அப்புறம் அதே இடத்தில் லேசாக திராட்டில் சேர்த்து, நடக்கும் வேகத்தில் சில மீட்டர் போய் நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்ய வேண்டாம், கிளட்ச் சூடாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துவாஸ் சவுத் போன்ற தொழிற்பேட்டைச் சாலைகள் இதற்கு ஏற்றவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழுள்ள கார்நிறுத்தத்தில் பழக வேண்டாம். கார்களுக்கிடையே பிள்ளைகள் ஓடிவரும் இடம் அது.

சிக்னலில் ஒருவேளை அணைந்துவிட்டால், பதறாமல் கிளட்ச்சை முழுதாக அழுத்தி ஸ்டார்ட்டரைத் தட்டுங்கள், போதும். பைக் ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால், பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு எஞ்சின் நிறுத்த சுவிட்ச்சைப் பாருங்கள். கை பட்டு அணைந்திருக்கும். அடுத்தது சைடு ஸ்டாண்ட். பெரும்பாலான புதிய பைக்குகளில் ஸ்டாண்ட் இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் கெட்டுப்போனதாக நினைத்து பைக்கைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். பைக்கின் முன்னும் பின்னும் நீங்கள் ஒட்டியிருக்க வேண்டிய புதிய ஓட்டுநர் அடையாளத் தகடு அவருக்கும் தெரியும். உரிமம் எடுத்த முதல் ஓராண்டுக்குள் 13 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே போய்விடும். பின்னால் இருப்பவரின் அவசரத்துக்காகச் சிவப்பு விளக்கைத் தாண்டிவிடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் பலர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்தின் பக்கம் போகிறது. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வழுக்கும். முன் பிரேக் ஆபத்தாவது அதைச் சட்டென்று பறித்து இழுக்கும்போதுதான். இரண்டு விரலால் முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் போவதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். அதே காலியான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, பைக் நேராக இருக்கும்போது, பார்வையைத் தூரத்தில் வைத்துப் பழகுங்கள். பிறகு 40, 50. உங்கள் பைக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் கடுமையாகப் பிடிக்கும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். அது பழுதில்லை, விட்டுவிடாதீர்கள். லீவர் பஞ்சுபோல் மெத்தென்று உள்ளே போனால் மட்டும் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். பிரேக் எண்ணெயைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறு வயது பைக்கில் முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்பது யாருக்கும் தெரியாது, மாற்றச் சொல்லிவிடுங்கள். எஞ்சின் எண்ணெயும் எப்போது மாற்றியது என்று தெரியாது, அதையும் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் கார் எண்ணெயை ஊற்றக் கூடாது. உங்கள் கிளட்ச் அந்த எண்ணெயிலேயே மூழ்கி ஓடுவது, கார் எண்ணெயில் உள்ள சில சேர்மானங்கள் அதை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறியீடு இருக்க வேண்டும்.

சரி, செயினுக்கு வருவோம். இரண்டு பட்டறையும் இரண்டு விதமாகச் சொன்னால் நீங்களே பார்த்துவிடலாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் விரலோ துணியோ போகவே கூடாது. விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது பின் சக்கரப் பல்லுக்கு வாருங்கள். பைக்கின் பின்புறமாகப் பார்த்தால் செயின் பல்லைச் சுற்றித் திரும்பும் கடைசி இடம் தெரியும். அங்கே செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நல்ல செயின் பல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரியும் அளவுக்கு விலகி வந்தால் செயின் நீண்டு தேய்ந்துவிட்டது. பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடுத்து, செயினின் கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துத் தொய்வை அளந்து, பைக்கைச் சிறிது தள்ளி மறுபடி அளங்கள். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் இறுக்கிப் பயனில்லை.

இந்த மூன்றில் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலும் மாற்றச் சொன்னவர் சரி. செயினை மட்டும் மாற்றாமல் முன், பின் பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே கெடுத்துவிடும். எதுவும் தெரியவில்லையென்றால் இறுக்கினால் போதும். பல சிறிய பைக்குகளில் தொய்வு 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் பைக்கின் சரியான அளவு பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் (ஸ்விங் ஆர்ம்) மேல் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ இருக்கும். மிக இறுக்கமான செயின் தொய்ந்த செயினைவிட மோசமானது. பள்ளத்தில் இறங்கும்போது இடமில்லாமல் விறைத்துக் கியர்பெட்டியின் பேரிங்கைத் தின்றுவிடும்.

நம் ஊர் மழைக்குச் செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நன்றாக நனைந்த நாளுக்கு மறுநாளும், துடைத்து செயின் எண்ணெய் அடியுங்கள். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். பெட்ரோல் வேண்டாம், கண்ணிகளுக்கு இடையே உள்ள ரப்பர் வளையங்கள் கெடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி எனக்குச் செயினைவிடக் கவலை அதிகம்: டயர். டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பைக் பிறந்தபோது வந்த டயரே இன்னும் இருந்தால், மேற்பரப்பின் வரிப்பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் விறைத்திருக்கும். வெயிலில் ஓடும்போது வித்தியாசம் தெரியாது. ஈரச் சாலையில், வெள்ளைக் கோட்டின் மேல், கட்டுமான இடங்களில் சாலையின் குறுக்கே போட்டிருக்கும் இரும்புத் தகடுகளின் மேல் தெரியும். சட்டப்படி வரிப்பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் பழைய டயரை மாற்றிவிடுவதே என் ஆலோசனை. கைச்செலவு என்று தெரியும். ஆனால் வேறு எதற்கும் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள். புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வழுக்கும், வளைவுகளில் சாய்க்காமல் ஓட்டுங்கள். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இந்த அளவு பைக்குகளில் முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ என்பது வழக்கம், உங்கள் கையேடு சொல்வதே முடிவானது. கையேடு கைக்கு வரவில்லையென்றால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் மாடலையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள்.

பழைய பைக் என்பதால் சைலன்சரை ஒருமுறை பாருங்கள். முந்தையவர் நிலப் போக்குவரத்து ஆணைய அனுமதி இல்லாததை மாட்டியிருந்தால் இனி மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மூன்று வயது தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் வாகனச் சோதனை உண்டு, அது எந்த மாதம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விஷயத்தில் கையேடு 92 ஆக்டேன் போதும் என்றால் 98 போடுவதில் லாபம் எதுவும் இல்லை.

இப்போது ஜூரோங். சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகளைக் கோத்துக்கொண்டு போகும் வழியில் கனரக லாரிகள் அதிகம், அதுவும் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் உட்லண்ட்ஸ் பாலம் கடந்து வரும் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களோடு சேர்ந்து ஓட வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து லாரிகளுக்கு நடுவே நுழையாதீர்கள். சிங்கப்பூரில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் ஏறத்தாழ பாதிப் பேர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். உங்கள் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைவிட, டயர் மாற்றியதையும், எந்த வழியில் போகிறீர்கள் என்பதையும், மழை நாளில் ரயிலில் போவதாக முடிவெடுத்திருப்பதையும் சொல்லிப் பாருங்கள்.

விரைவுச்சாலையில் ஏற நாள் கணக்கு எதுவும் இல்லை, பார்க்க வேண்டியது வேறு. ஒரு வாரம் சாதாரணச் சாலையில் ஓட்டியும் ஒருமுறைகூட அணையவில்லையா? 50 கிலோமீட்டரிலிருந்து நேராக, பதறாமல் நிறுத்த முடிகிறதா? கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, தடம் மாறும்போது கை அசையாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், ஒரு ஞாயிறு காலை, சாலை காய்ந்திருக்கும்போது, கிராஞ்சி விரைவுச்சாலையில் ஒரு நுழைவாயிலில் ஏறி அடுத்ததில் இறங்கிவிடுங்கள். இணையும் தடத்திலேயே வேகத்தை எடுத்துவிட வேண்டும். தயங்கித் தயங்கி 50இல் நுழைவதுதான் ஆபத்து. உங்கள் 150சிசிக்கு விரைவுச்சாலையின் வேகம் எடுக்க ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கலாம். லாரி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கு நீங்கள் தெரியவில்லை. ஒன்று பின்தங்குங்கள், அல்லது முழுதாகக் கடந்துவிடுங்கள். பக்கத்திலேயே மிதக்காதீர்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி, ஈரத்தில் நான்கு.

அதிகாலை ஷிஃப்ட் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும்தான் அடிக்கும். கிளம்புமுன் கைப்பேசியில் மழை வரைபடத்தைப் பாருங்கள். வழியில் பிடித்துக்கொண்டால் விரைவுச்சாலைகளில் சில மேம்பாலங்களுக்குக் கீழே மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்றே மழைக்கூடங்கள் இருக்கின்றன, அங்கே ஒதுங்குங்கள். உங்கள் வழியில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் பாலத்துக்கடியில் சாலையோரம் நிற்பது குற்றம், மழையில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். தோழிகள் பின்னால் உட்காரக் கேட்பார்கள். ஒருவர் ஏறினால் கிளட்ச் பிடிக்கும் இடமும் நிறுத்த ஆகும் தூரமும் மாறிவிடும், டயரின் காற்றழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சில மாதங்கள் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.