மாஸ்டரிடம் கேளுங்கள்: லீக் மாறினால் விசுவாசம் போய்விடுமா?

மாஸ்டர், என் மகன் அமெரிக்காவில் புல்மன் என்ற ஊரில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். காலங்காலமாகக் கூட ஆடிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் வேறு லீகுக்குப் போய்விட்டன என்று போன் செய்யும்போதெல்லாம் புலம்புகிறான். படிக்கிற இடத்துக்குக்கூடவா விசுவாசம் இருக்காது?
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

அவன் புலம்பலில் நியாயம் இருக்கிறது அம்மா. அங்கே கல்லூரி விளையாட்டை ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டணிகள் நடத்துகின்றன. மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டணி 1915இல் தொடங்கியது; பின்னாளில் அதற்குப் பேக்-12 என்று பெயர். 2022 ஜூனில் அதிலிருந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் பிக் டென் கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி, ஒரே நாளில் ஐந்து கிளம்பின. கடைசியில் பன்னிரண்டில் மிஞ்சியவை இரண்டே: உங்கள் மகனுடையதும் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகமும். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட், அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தது. வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை போலும்.

எல்லாம் தொலைக்காட்சிப் பணம். பிக் டென் 2022இல் போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். பேக்-12 கூட்டணிக்கு அதன் அருகில் வரக்கூடிய ஒப்பந்தம்கூட அமையவில்லை.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம், பழைய கூட்டணியைத் தொடங்கிய நால்வரில் ஒன்று. அதுவே பிக் டென்னுக்குப் போய்விட்டதே என்று உங்கள் மகன் கொதிக்கலாம். என் கோபம் வேறு. அமெரிக்கக் கால்பந்து வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான், சமாளித்துவிடுவார்கள். வாலிபால் ஆடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பு நடக்கும் பருவத்தில் சியாட்டிலிலிருந்து கிழக்குக் கரையில் உள்ள நியூ ஜெர்சி வரை பறக்க வேண்டும்; கடிகாரம் மூன்று மணி நேரம் மாறும். பள்ளி அணிகளை ஊர் ஊராகக் கூட்டிப்போனவன் என்ற முறையில் சொல்கிறேன், தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எந்த நிபுணரும் பயிற்சி கொடுக்க முடியாது.

ஆனால் லீகை விட்டதையே துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். லீக் என்பது ஒப்பந்தம், அவ்வளவுதான். பழைய எதிராளியோடு ஆடுவதை நிறுத்தினார்களா என்று கேளுங்கள். சியாட்டிலும் புல்மனும் அமெரிக்கக் கால்பந்தில் 1900 முதல் மோதுகின்றன. அதற்கு ஆப்பிள் கோப்பை என்று பெயர். பிரிந்த பிறகும் 2028 வரை ஆடுவதாக ஒப்புக்கொண்டார்கள். 2024 செப்டம்பர் 14 அன்று, கைவிடப்பட்ட உங்கள் மகனின் அணி 24-19 என்று வென்றது, அதுவும் சியாட்டிலில். கடைசி நேரத்தில் எதிரணியைக் கோல் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் ஒரே மாநிலத்தவை. கூட்டணி பிரிந்ததும் 2011க்குப் பிறகு 2024 நவம்பர் வரை கால்பந்தில் மோதவே இல்லை. துரோகம் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வேன்.

அப்படியானால் மிஞ்சிய இருவரும் உத்தமர்களா மாஸ்டர்?
— மீனாட்சிபுரம் வாசகர்

எங்கே! பேக்-12 கூட்டணியை மறுபடி கட்ட, 2024 செப்டம்பரில் மவுண்டன் வெஸ்ட் கூட்டணியிலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்களை இழுத்துக்கொண்டார்கள். அங்கே மிஞ்சியவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் போனில் புலம்பல் கேட்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது பக்கத்து ஊர்தான். புல்மனிலிருந்து 13 கிலோமீட்டர் போனால், வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டுவதுபோல மாநிலம் மாறிவிடும். அங்கே மாஸ்கோ என்ற ஊரில் ஐடஹோ பல்கலைக்கழகம். கால்பந்தில் மேல்பிரிவுக்கு ஏறிப் பார்த்தது, கட்டுப்படியாகவில்லை. 2018இல் தானாகவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. பழைய மாணவர்கள் திட்டினார்கள். நான் கைதட்டினேன்.

நம் பக்கம் இப்படி லீக் மாற முடியுமா?
— கல்லூரி மாணவன், வேலந்தாவளம்

முடியாது தம்பி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் மண்டலம் பிரித்து நடத்துகிறது. சென்னையும் கோழிக்கோடும் தென் மண்டலம். பணம் கொடுத்தாலும் வடக்கே போக முடியாது. நம் ஊரில் கேட்காமலேயே மாற்றிவிடுவார்கள். பாலக்காடு விக்டோரியா கல்லூரி மதராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1956இல் மாநிலம் பிரிந்த பின் கேரளப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ். கட்டடம் ஓர் அடி நகரவில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டக்காரர்களை மட்டும் இதில் சேர்க்காதே; நேற்று மஞ்சள் சட்டை, இன்று பச்சைச் சட்டை, கூலி ஆட்டத்துக்கு ஆட்டம். அவர்களிடம் விசுவாசம் கேட்க நமக்கு என்ன உரிமை?

பேரன் ஆட்டத்தை நேரலையில் பார்க்கச் சொல்கிறான். நமக்கு எத்தனை மணிக்கு வரும்?
— ஒரு பாட்டி, வண்ணாமடை

புல்மனில் சனிக்கிழமை மதியம் 12:30க்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிறு அதிகாலை 1:00 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 2:00 மணி. ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நீங்கள் தூங்குங்கள் அம்மா, காலையில் அவனே கூப்பிட்டுச் சொல்வான். தோற்றால் மத்தியானம் ஆகும்.