கூரையையா விற்கப் போகிறீர்கள்?

கேள்வி: எங்கள் அப்பா முப்பது வருடமாக ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை நடத்துகிறார். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இன்ஜினீயர்களும் மேஸ்திரிகளும் சொல்லித்தான் இதுவரை ஆர்டர் வந்தது. இப்போது கோவை, பெங்களூரிலிருந்து வீடு கட்டுகிறவர்களே நேராக போன் செய்கிறார்கள். ஒரு விளம்பர வீடியோ எடுக்கலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். சென்னையில் ஒரு புரொடக்‌ஷன் கம்பெனி, ட்ரோன் ஷாட்டோடு மூன்று நிமிடப் படத்துக்கு 2,40,000 ரூபாய் கேட்கிறது. காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் 35,000 ரூபாய்க்கு ஐந்து ரீல்ஸ் தருகிறேன் என்கிறார். அப்பா, "இது தண்ணியில போடுற காசு" என்கிறார். யாரிடம் கொடுப்பது?

– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சொல்வதில் பாதி சரி. வீடியோவுக்குப் போகும் காசில் பெரும்பகுதி தண்ணீரில் போவதை இருபது வருடம் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆனால் அது போவது கேமராவால் அல்ல. யாருக்காக எடுக்கிறோம் என்று கேட்காமலே கேமராவைத் தூக்குவதால்.

நீங்கள் அனுப்பிய சென்னை கோட்டேஷனைப் படித்தேன். ட்ரோன் இருக்கிறது, கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் இருக்கிறது, கலர் கிரேடிங் இருக்கிறது. இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. கல்யாண வீடியோக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய நான்கு வரியிலும் இல்லை. அதை அவர்கள் எழுத முடியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் போனை வாங்கி, கடைசி மூன்று மாதத்தில் வாட்ஸப்பில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் என்ன கேட்பார்கள் என்று நானே ஊகிக்க முடியும். "இது ஒரிஜினல் ஆத்தங்குடியா, இல்லை குஜராத் மோர்பியில் இருந்து வருகிற பிரிண்ட் டைல்ஸா?" "கலர் மங்குமா?" "வழுக்குமா?" "லாரியில் வரும்போது உடைந்தால் யார் பொறுப்பு?" "சதுர அடி என்ன விலை?" அதிகம் கேட்கப்பட்ட நான்கு கேள்விதான் உங்கள் ஸ்கிரிப்ட். "பாரம்பரியத்தின் மணம், மண்ணின் கலை" என்று தொடங்கும் வாய்ஸ் ஓவரை யார் எழுதிக்கொண்டு வந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெங்களூருக்காரர் அடிமனதில் கேட்பது முதல் கேள்வியைத்தான். அதற்குப் பதில் உங்கள் பட்டறையிலேயே கிடக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். சிவப்பு பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடிவிடாமல் அந்தக் கை நிற்கிற அழகு இருக்கிறதே! அச்சை எடுத்ததும் மேலே மணலும் சிமென்டும் போட்டு நிரவுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகு கண்ணாடியை எடுத்தால் அடியில் அந்தப் பளபளப்பு. பாலிஷ் மெஷின் கொடுத்த பளபளப்பு இல்லை அது, கண்ணாடி கொடுத்தது. கல் கண்ணாடியை விட்டுப் பிரியும் அந்த இரண்டு விநாடிதான் உங்கள் விளம்பரம். மெஷினில் பிரிண்ட் போடுகிறவரிடம் அந்த இரண்டு விநாடி கிடையாது.

யூடியூபில் இடையில் வரும் விளம்பரத்தை 5 விநாடியில் தள்ளிவிடலாம், இன்ஸ்டாகிராமில் விரல் அதைவிட வேகம். எனவே கண்ணாடி பிரிவது முதலில் வரட்டும். லோகோ சுழன்று சுழன்று வரும் அந்தப் பத்து விநாடி முகப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் லோகோவை ஆசையாகப் பார்க்கப் போவது உங்கள் வீட்டில் நான்கு பேர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூர் யூனிட்டுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அன்றைக்கு ஊற்றிய கல் அன்றைக்கே கண்ணாடியை விடாது. ஷூட் ஒரே நாள் என்றால், ஊறிக் காய்ந்து பிரிக்கத் தயாராக இருக்கும் கற்களை முந்தின நாட்களிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். அதே டிசைனாக வையுங்கள். ஊற்றுவது ஒரு பூ, பிரிப்பது வேறொரு பூ என்றால் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் தேதி கொடுக்காதீர்கள். வெயில் இல்லாத நாளில் உங்கள் பட்டறையே பாதிதான் ஓடும்.

சரி, ட்ரோன். மேலேயிருந்து பார்த்தால் உங்கள் பட்டறை ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒரு வேப்பமரமும்தானே? கூரையையா விற்கப் போகிறீர்கள்? செட்டிநாட்டு வீடுகளை வானத்திலிருந்து காட்டும் காட்சி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதற்குப் பதில் உங்கள் அப்பா காலத்தில் கல் பதித்த ஒரு வீட்டுத் தரையை, இருபது வருடம் நடந்து தேய்ந்த பிறகும் கலர் நிற்கும் முற்றத்தை, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுக்கட்டும். "கலர் மங்குமா" என்பதற்கு அதுதான் பதில். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான். சொந்தக்காரராக இருந்தால் இரண்டு கையெழுத்து வாங்குங்கள் என்பேன். ட்ரோன் வேண்டியே தீரும் என்று தம்பி அடம்பிடித்தால், 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும்.

இப்போது பணம். 2,40,000 என்பது முழுத்தொகை இல்லை. கீழே பொடி எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்றிருக்கிறது. 18 சதவீதம் சேர்த்தால் 2,83,200. போக்குவரத்து, தங்குமிடம், யூனிட் ஆட்களின் பேட்டா "ஆக்சுவல்ஸ்", அதாவது ஆகிற செலவு அப்படியே, என்று போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஆறு பேர் வந்து இரண்டு இரவு காரைக்குடியில் தங்கினால் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஒரு நாள் ஷூட்" என்பது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். உங்கள் ஆட்கள் காலை ஏழு மணிக்குக் கரண்டியைப் பிடிக்கிறவர்கள் என்றால், பத்தரைக்கு வந்து லைட் கட்டும் யூனிட்டால் பாதி வேலையைப் பார்க்கவே முடியாது.

35,000 ரூபாய்க்காரரைக் கல்யாண வீடியோக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாலி கட்டும் நொடியை ரீடேக் கேட்காமல் பிடிக்கிற கை அது. கண்ணாடி பிரியும் நொடிக்கும் அப்படிப்பட்ட கைதான் வேண்டும். அவரிடம் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, எட்டு அங்குலக் கல்லை நெருங்கி எடுக்க அவரிடம் லென்ஸ் இருக்கிறதா. பளபளக்கும் கல்லில் அவருடைய லைட்டும் அவருடைய முகமுமே தெரியும், அதை மறைக்கத் தெரியுமா. இன்னொன்று ஒலி. கல்யாண வீடியோவில் பாட்டு போட்டு எல்லாவற்றையும் மூடிவிடலாம். இங்கே அப்பா பேச வேண்டும். சட்டையில் குத்தும் காலர் மைக் இல்லாமல் அந்தக் கூரைக்கு அடியில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும்.

அதனால் என் யோசனை: அவரை ஒரு காலைப் பொழுதுக்குக் கூப்பிட்டு, ஒரே ஒரு கல்லை எடுத்து இருபது விநாடிக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். சும்மா கேட்காதீர்கள், மூவாயிரமோ நாலாயிரமோ கொடுங்கள். அது நன்றாக வந்தால் அவரையே வையுங்கள், சவுண்டுக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு 60,000, 70,000 வரை போனாலும் தப்பில்லை. சரியாக வரவில்லை என்றால் மதுரை, திருச்சியில் தேடுங்கள். யாராக இருந்தாலும் அவர்களுடைய ஷோரீலைப் பார்த்து மயங்க வேண்டாம். நாற்பது வீடியோவில் நல்ல நாற்பது விநாடியைக் கோத்ததுதான் ஷோரீல். சின்னப் பட்டறைக்கோ கடைக்கோ எடுத்த ஒரு வீடியோவை முழுசாகக் கேளுங்கள். அந்தக் கடைக்காரருக்கு போன் போட்டு, "சொன்ன தேதிக்குக் கொடுத்தார்களா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே கொட்டுவார்.

மூன்று நிமிடப் படம் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றாக முப்பது, நாற்பது விநாடியில் நான்கு வீடியோ. ஊற்றுவதிலிருந்து பதிப்பது வரை ஒன்றரை நிமிடத்தில் ஒன்று, அது அப்பா வாட்ஸப்பில் அனுப்புவதற்கு. இவற்றில் எது நெட்டாக, எது குறுக்காக என்று ஷூட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குறுக்கே எடுத்ததைப் பின்னால் ரீல்ஸுக்காக வெட்டினால் ஊற்றுகிற கை இருக்கும், கல் இருக்காது. அப்பா உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும், கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடட்டும். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அது. முதலாளியே வந்து பேசினால் எடுபடுமா என்று தயங்காதீர்கள். வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரையும் லலிதா ஜுவல்லரி கிரண்குமாரையும் பார்த்த ஊர் இது.

எழுத்தில் வாங்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. என் கதையைச் சொன்னால் புரியும். எங்கள் குடும்பக் கடைக்கு ஒரு கம்பெனியை வைத்து வீடியோ எடுத்தோம். இரண்டு வருடம் கழித்துப் புதுக் கிளைக்காக அதே காட்சிகளைக் கேட்டபோது, "டிஸ்கை வேற ஷூட்டுக்கு அழிச்சிட்டோமே சார்" என்றார்கள். அவர்களைத் திட்ட முடியவில்லை. ரா ஃபுட்டேஜ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள், வேண்டும் என்று நான் எங்குமே எழுதி வாங்கவில்லை, இதே தொழிலில் இருந்துகொண்டு! 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரைத்தான் படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைதான். கோட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் "அனைத்து உரிமையும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். சென்னைக்காரர்களின் தாளில் அந்த வரி இருக்கிறது, ஆறாவது பக்கம், பாருங்கள். அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் நீங்கள் வாங்கிக் கொடுத்து, எடுத்த எல்லாவற்றையும் அதில் போட்டு வாங்குங்கள்.

பாட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சினிமா பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூபிலேயே உரிமைக்காரர் கை வைத்துவிடுவார், வியாபாரத்துக்கு என்றால் நோட்டீஸ்கூட வரலாம். லைசென்ஸ் வாங்கிய இசை என்று பில்லில் எழுதித் தரட்டும். என்னைக் கேட்டால் இசையே வேண்டாம், கரண்டி கண்ணாடியில் படும் சத்தம் போதும். "இந்தியாவின் நம்பர் ஒன்", "நூறு வருடம் உழைக்கும்" என்றெல்லாம் வசனம் வைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: அட்வான்ஸ், ஷூட் முடிந்த அன்று ஒரு பங்கு, ஃபைலும் டிஸ்கும் கைக்கு வந்த பிறகு கடைசிப் பங்கு. கரெக்‌ஷன் இரண்டு தடவை என்று எழுதுங்கள். அந்தக் கரெக்‌ஷனைச் சொல்வது நீங்கள் ஒருவராக மட்டும் இருங்கள். தம்பி ஒன்று, அப்பா ஒன்று, சிங்கப்பூரிலிருந்து அத்தான் ஒன்று என்று ஆளாளுக்கு எடிட்டருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், எந்த எடிட்டரும் நான்காவது நாள் போனை எடுக்க மாட்டார். நானே எடுத்ததில்லை.

இன்னொன்று, அப்பாவுக்கு ஷூட்டுக்கென்று புதுச் சட்டை வாங்க வேண்டாம். நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை திரையில் அலையலையாக நெளியும், தும்பைப்பூ வெள்ளையில் முகம் இருண்டுவிடும். பட்டறைக்குத் தினமும் போட்டு வருகிற சட்டையில் கோடில்லாத ஒன்றைத் துவைத்து வையுங்கள்.