பெல்லா எதை இழந்தாள்?

அன்புள்ள சார்,

செமஸ்டர் லீவில் ட்வைலைட் வரிசையின் நான்கு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். பெல்லா என்ற பெண், அவள் காதலிக்கும் எட்வர்ட் என்ற வேம்பயர் (ரத்தம் குடித்துச் சாகாமல் வாழ்பவன்), அவளைக் காதலிக்கும் ஓநாய் மனிதன் ஜேக்கப், இவர்களின் கதை. முதல் மூன்றையும் சாப்பாடு தூக்கம் மறந்து படித்தவள், கடைசிப் புத்தகமான ‘பிரேக்கிங் டான்’ முடிந்ததும் அதைத் தூக்கி மூலையில் எறிந்தேன். எழுநூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் படித்து வந்தால், பனி மூடிய வெளியில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நிற்கின்றன, பேசுகின்றன, கலைந்து போகின்றன. இதற்கா இவ்வளவு? ஜேக்கப் பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையிடம் மனதைக் கொடுப்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

என் அக்கா இதை முன்பே படித்தவள். “எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, உனக்கு வேற என்னதான் வேணும்?” என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. யாரும் சாக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனாலும் ஏமாந்த மாதிரி இருக்கிறது. இந்தப் புத்தகம் வந்த 2008-லேயே நிறைய பேர் இப்படிக் கோபப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். எழுதியவர் எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம், கேட்க நாம் யார் என்கிறார்கள் என் தோழிகள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் அக்காவின் கேள்வி நல்ல கேள்வி. கதை சோகமாக முடிந்தால் வாசகர்கள் எழுத்தாளரிடம் சண்டைக்குப் போவது வழக்கம்தான். இங்கே நடந்தது தலைகீழ். 2008 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்து, அமெரிக்காவில் முதல் நாளே 13 லட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் இது. நள்ளிரவில் கடை வாசலில் காத்திருந்து வாங்கினார்கள். அடுத்த சில நாட்களிலேயே ஏமாந்துபோன வாசகர்கள் சிலர் ‘எரிக்க வேண்டாம், கடையில் திருப்பிக் கொடுங்கள்’ என்று பிரசாரம் ஆரம்பித்தார்கள். கல்யாணம், குழந்தை, சாகாத வாழ்வு என்று எல்லாம் மங்களமாக முடிந்த ஒரு காதல் கதைக்கு இந்த எதிர்ப்பு!

குழந்தைக்கு வைத்த ரெனெஸ்மி என்ற பெயரைக் கிண்டல் செய்தார்கள், பிரசவக் காட்சி கோரமாக இருக்கிறது என்றார்கள், நீங்கள் சொல்லும் ஜேக்கப் விவகாரமும் நடக்காத போரும் இருந்தன. பெயர் அவரவர் ரசனை, விடுங்கள். மற்றவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே குறைதான் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று புத்தகங்களில் ஸ்டெஃபனி மேயர் ஒரு விலையைச் சொல்லிக்கொண்டே வருகிறார். பெல்லா வேம்பயராக மாறினால் என்னென்ன போகும்? புதிதாக மாறியவர்களுக்கு ரத்த வெறி அடங்க வருடங்கள் ஆகும், அதுவரை மனிதர்கள் பக்கமே வர முடியாது. அதனால் அப்பா சார்லியை விட்டுவிட வேண்டும். குழந்தை பிறக்காது. மூன்றாவது புத்தகமான ‘எக்லிப்ஸ்’ முழுக்க இதுதான். புதிய வேம்பயர்கள் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று காட்டுவதற்காக ஒரு படையையே கொண்டுவருகிறார். எட்வர்டின் வேம்பயர் குடும்பத்தைச் சேர்ந்த ரோசலி தன் கதையைச் சொல்லி, ஒரு குழந்தைக்காக எதையும் கொடுத்திருப்பேன், நீ அவசரப்படாதே என்கிறாள். எட்வர்ட் பெல்லாவை மாற்றத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜேக்கப்பையும் தான் காதலிப்பதை உணர்ந்த பிறகும், பெல்லா அவனை விட்டு வந்து இரவெல்லாம் அழுகிறாள். இவ்வளவும் போகும் என்று தெரிந்துதான் அவள் எட்வர்டைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்தக் காதலுக்கு எடை வந்ததே அதனால்தான்.

நான்காவது புத்தகத்தில் இந்த விலை ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகிறது. முதல் வேட்டையிலேயே மனித வாசனை மூக்கில் ஏறியும் பெல்லா திரும்பி ஓடிவிடுகிறாள், ரத்த வெறி அவளை ஆட்டவில்லை. சார்லிக்குப் பாதி உண்மை தெரிகிறது, மீதியைக் கேட்காமல் வீட்டுக்கு வந்துபோகிறார். குழந்தையும் பிறக்கிறது. ரோசலிக்குக்கூடக் கொஞ்ச ஒரு குழந்தை கிடைத்துவிடுகிறது. மிச்சம் இருந்தது ஜேக்கப்பின் வலி மட்டும்தான். அதற்குத்தான் இம்ப்ரிண்ட், அதாவது ஓநாய் மனிதன் ஒருவரைப் பார்த்த கணமே வாழ்நாள் முழுக்க அவரோடு பிணைக்கப்பட்டுவிடுவது.

அந்த இடத்தில் உங்களுக்கு வந்த அருவருப்பு நியாயமானது. அது சகோதர பாசம் மாதிரிதான் ஆரம்பிக்கும், குழந்தை வளர்ந்த பிறகே மற்றதெல்லாம் என்று கதைக்குள் சமாதானம் இருக்கிறது. அது பலருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஆனால் அருவருப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இன்னொரு சேதம் இருக்கிறது. பெல்லாவுக்கும் ஜேக்கப்புக்கும் இருந்த ஈர்ப்பே, பிறக்கப்போகும் இந்தக் குழந்தைக்கான ஈர்ப்புதான் என்பதுபோல் கதை பேசத் தொடங்குகிறது. அப்படியானால் ‘எக்லிப்ஸில்’ அவள் அழுத அழுகைக்கு என்ன அர்த்தம்? முந்தைய புத்தகத்தின் சிறந்த பக்கங்களைக் கடைசிப் புத்தகம் பின்னால் போய் அழித்துவிடுகிறது. முன்பு படித்தது வீணாயிற்று என்று தோன்றினால் யாருக்கும் ஏமாந்த உணர்வு வரத்தான் செய்யும்.

போர் நடக்காதது பற்றி மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். மேயர் அதற்கு முன்கூட்டியே துப்பு வைத்திருக்கிறார். எதிர்காலத்தைக் காணக்கூடிய, எட்வர்டின் சகோதரி ஆலிஸ் விட்டுச்செல்லும் குறிப்பு எந்தப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் இருக்கிறது என்று பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’. கத்தி ஓங்கிய நிலையில் நீதிமன்ற வாதத்தால் தீரும் கதை. பனிவெளியில் வேம்பயர்களின் தலைமைக் கூட்டம் அந்தக் குழந்தையை வைத்து நடத்துவதும் அப்படி ஒரு விசாரணைதான், சாட்சிகள் உண்டு, கடைசி நேரத்தில் புதிய சாட்சி வருகிறான். அட்டையில் சதுரங்கக் காய்கள் இருப்பதும் காரணத்தோடுதான். வாளை உருவாமல் முடிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் வெனிஸ் வழக்கில் ஷைலக் சொத்தையும் மதத்தையும் இழந்து வெளியேறுகிறான், அங்கே யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். இங்கே இரினா என்ற ஒரு வேம்பயர் சாகிறாள். அவள் நமக்கு எவ்வளவு நெருக்கம்? சரியாக அறிமுகம்கூட இல்லை.

2012-இல் வந்த கடைசிப் படத்தில் இந்தக் குறையைச் சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள். போரை முழுசாக நடத்தி, எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைல் தலையைக் கொய்து, தியேட்டரை அலறவிட்டு, அப்புறம் எல்லாம் ஆலிஸ் காட்டிய எதிர்காலக் காட்சி என்றார்கள். விலை என்னவாக இருந்திருக்கும் என்று காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏமாற்றுதான், ஆனாலும் வேலை செய்தது.

ஏன் இப்படி ஆயிற்று? ‘ட்வைலைட்’ எழுதிய கையோடு, இரண்டாம் மூன்றாம் புத்தகங்களுக்கு முன்னாலேயே, மேயர் ‘ஃபாரெவர் டான்’ என்று ஒரு தொடர்ச்சியை எழுதிவிட்டார். தன் சகோதரிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார், அது வெளியாகவில்லை. ‘பிரேக்கிங் டானின்’ அடிப்படைக் கதை அதில் இருந்தது. ஜேக்கப் அதில் பெரிய ஆள் இல்லை. நடுவில் வந்த இரண்டு புத்தகங்களில்தான் அவன் எட்வர்டுக்குச் சமமாக வளர்ந்தான். கதை வளர்ந்துவிட்டது, முடிவு பழைய இடத்திலேயே நின்றது. அளவெடுத்த பிறகு பிள்ளை வளர்ந்துவிட, பழைய அளவுக்கே சட்டை தைத்த கதைதான்.

இதற்குப் பக்கத்தில் ஷார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையை வைத்துப் பார்க்கலாம். 2001-இல் ஆரம்பித்து, 13-ஆவது நாவலான ‘டெட் எவர் ஆஃப்டர்’ 2013 மே மாதம் வந்தது. லூசியானாவில் ஒரு சின்ன ஊர், பாரில் பரிமாறும் சூக்கி, மற்றவர் மனதில் ஓடுவது அவளுக்குக் கேட்கும். பில், எரிக் என்று வேம்பயர் காதலர்கள். நடுவில் தொலைக்காட்சித் தொடரும் வந்து எரிக்குக்கு ரசிகைகள் பெருகிவிட்டார்கள். கடைசியில் சூக்கி போய்ச் சேர்ந்தது பார் முதலாளி சாமிடம். ஜெர்மனியில் சில பிரதிகள் தேதிக்கு முன்பே கைமாறி முடிவு கசிந்தது. படிக்காதவர்கள்கூட ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள், ஹாரிஸுக்கு மிரட்டல்களும் வந்தன.

ஆனால் அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. சூக்கிக்கு வெயிலில் படுத்துக் காய்வது உயிர். முதல் புத்தகத்திலிருந்தே அப்படித்தான். பகலில் எழுந்திருக்க முடியாத ஒருவனோடு அவள் எத்தனை நாள் வாழ்வாள்? பன்னிரண்டாவது புத்தகத்தின் முடிவைப் பாருங்கள். ஒரே ஒரு வரம் தரும் மந்திரப் பொருள் அவள் கையில் இருக்கிறது. எரிக்கை ஓக்லஹோமா ராணியிடமிருந்து மீட்க அதைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அவள் சாமைச் சாவிலிருந்து மீட்கிறாள். யாரை எழுத்தாளர் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு அவள் எரிக்கை இழக்கிறாள், அந்த இழப்பைப் புத்தகம் மூடி மறைக்கவில்லை. எனக்கு அதன் துப்பறியும் பகுதிதான் சலித்தது, முடிவு அல்ல.

ஆக, கோபம் இரண்டு வகை. ‘நான் நினைத்த ஆளை அவள் கட்டவில்லை’ என்பது ஒன்று. அதற்கு எந்த எழுத்தாளரும் பதில் சொல்லிக் கட்டாது. ‘நீங்களே போட்ட கணக்கை நீங்களே கலைத்துவிட்டீர்கள்’ என்பது இன்னொன்று. அது விமர்சனம். உங்கள் கோபத்தில் பெரும்பகுதி இரண்டாவது வகை. எழுதியவருக்கு எப்படியும் முடிக்க உரிமை உண்டு, சரியில்லை என்று சொல்ல உங்களுக்கும் உண்டு. இரண்டுக்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மிரட்டுவது மட்டும் வாசிப்பில் சேராது.

எழுத்தாளர்களும் இந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லத்தான் செய்கிறார்கள். கல்கி 1954-இல் ‘பொன்னியின் செல்வனை’ முடித்தபோது, பாதியில் நிறுத்தியதுபோல் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்டு, யார் யார் என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் அவர் விளக்க வேண்டி வந்தது. ஹாரிஸும் அதே 2013-இல் ‘ஆஃப்டர் டெட்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டு, பாத்திரங்களை அகர வரிசையில் அடுக்கி அவரவர் கதி என்ன என்று எழுதினார். கல்கியின் முடிவுரையை இன்றும் ஆசையாகப் படிக்கலாம். ஹாரிஸுடையது டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கிறது, வாங்காதீர்கள்.

அக்காவிடம் கேளுங்கள்: பெல்லா எதை இழந்தாள்? அவர் ஏதாவது ஒன்றைச் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். நான் யோசித்தவரை, சாதாரணமாக வயதாகும் ஒரு வாழ்க்கையைத் தவிர எதுவும் இல்லை. அதையோ அவள் முதல் புத்தகத்திலிருந்தே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.