தொட்டா நறநறங்குதே, தோலுக்கு அடியில காத்தா?

கேள்வி: டாக்டர், அப்பா பைக்ல வழுக்கி விழுந்து விலா எலும்புல அடி, வலி மாத்திரை போட்டுட்டு வீட்லயே இருக்கார். காலைல இருந்து கழுத்தும் கன்னமும் வீங்குது, தொட்டா நறநறங்குது. சுளுக்குதான், தைலம் தேய்க்கலாம்ங்கறாங்க அம்மா, தேய்க்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தைலம் வேண்டவே வேண்டாம்மா. உடனே கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போங்கன்னு உங்களுக்கு போன்லயே சொல்லியாச்சு, மத்தவங்களுக்காக இங்க எழுதுறேன். அந்த நறநறதான் அடையாளம், பொரி பாக்கெட்ட அமுக்குற மாதிரி இருக்கும், நீர் கோத்த வீக்கத்துல இது இருக்காது, அமுக்கினா குழிதான் விழும். உடைஞ்ச எலும்பு நுரையீரல்ல குத்திட்டா அங்க கசியுற காத்து தோலுக்கு அடியில பரவி கழுத்து, முகம், இமை வரைக்கும் ஏறிடும், சிலருக்கு கண்ணே திறக்க முடியாது, குரல்கூட மூக்கால பேசுற மாதிரி மாறிடும். பாக்க பயமா இருக்குமே தவிர வெளிய தெரியுற இந்த காத்த பெரும்பாலும் சில நாள்ல உடம்பே உறிஞ்சிக்கும். அது எங்க இருந்து வருதுங்கறதுதான் கவலை, அதுக்குத்தான் நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டா சிடி ஸ்கேன். மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ யோசிக்காம 108.

பல் எடுக்கிறப்போ காத்துல சுத்துற டிரில்லாலயும் கன்னம் இப்படி திடீர்னு உப்பும், பல் டாக்டருக்கு உடனே சொல்லுங்க. ஆனா புண்ணு பக்கத்துல நறநறன்னு இருந்து, தாங்க முடியாத வலி, காய்ச்சல், நாத்தம், தோல் கருக்கிறதுன்னா அது கிருமி உண்டாக்குற வாயு, ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி, ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.