மெக்ரே கமிஷனரா, இன்ஸ்பெக்டரா?

கேள்வி: ஜார்ஜ் சிமெனோன் படைத்த பாரிஸ் நகரப் போலீஸ் அதிகாரி மெக்ரேயைச் சிலர் இன்ஸ்பெக்டர் என்கிறார்கள், சிலர் கமிஷனர் என்கிறார்கள். எது சரி? – வாசகர், குடியாத்தம்

பதில்: பிரெஞ்சில் அவருடைய பதவி 'கோமிசேர்'. அதைக் கமிஷனர் என்று எழுதினால், பெருநகரக் காவல்துறைக்கே தலைவர் என்று நம் வாசகர் எண்ணிக்கொள்வார். நம் வேலூரில் அப்படியொரு பதவியே கிடையாது, மாவட்டத்துக்கு எஸ்.பி.தான் தலைவர். மெக்ரேக்கு மேலே இயக்குநர் இருக்கிறார், கேள்வி கேட்க விசாரணை நீதிபதி இருக்கிறார்; கீழே லூக்கா, ஜான்வியே, லாப்வான்த் முதலிய உதவியாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே இன்ஸ்பெக்டர் என்றால் குறைவு, கமிஷனர் என்றால் மிகுதி. நம் டி.எஸ்.பி. ஓரளவு பொருந்துவார். பதவியை விட்டுவிட்டு 'மெக்ரே' என்று மட்டும் எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. அவருடைய மனைவியே அவரை அப்படித்தான் அழைக்கிறார்.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் ஒருவரே வேலை பார்த்தால் வயது ஏறாதா? – வாசகி, இராணிப்பேட்டை

பதில்: 1931இல் நூலாக வந்த முதல் நாவலிலேயே அவருக்கு வயது 45. 1972இல் வந்த கடைசி நாவலிலும் அவர் பணியில்தான் இருக்கிறார். இடையில் 75 நாவல்கள், 28 சிறுகதைகள். 1934இல் சிமெனோன் அவரை ஓய்வுபெற்றவராகக் காட்டி விடைகொடுக்கப் பார்த்தார்; பிறகு அவரே திரும்ப அழைத்துக்கொண்டார். முதல் நாவலில் கொல்லப்படும் உதவியாளர் டோரன்ஸ்கூடப் பின்னால் வந்த கதைகளில் உயிரோடு நடமாடுகிறார். மாறாக, இயன் ரான்கினின் எடின்பரோ போலீஸ்காரர் ரீபஸ், 1987இல் அறிமுகமாகி, வாசகரோடு சேர்ந்தே மூப்படைந்து, 2007இல் அறுபது வயதில் ஓய்வுபெற்றார். இரண்டு வழிகளும் எனக்கு உடன்பாடானவையே.

கேள்வி: மெக்ரே புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், தடயம் எதையும் பெரிதாக ஆராய்வதில்லை. இதுவும் துப்பறிதலா? – வாசகர், ஆற்காடு

பதில்: ஆம், மிகக் கடினமான துப்பறிதல் என்றே சொல்வேன். நம் வேலூர் ஐடா ஸ்கட்டர் சாலையை எண்ணிப்பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்துகளிலுள்ள விடுதிகளில் வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொள்கின்றன. மாலையில் மாடிப்படி முழுவதும் கடுகெண்ணெய் வாசம் வீசும். அங்கே ஓர் அறையில் யாரேனும் ஐயத்துக்குரிய வகையில் இறந்துகிடந்தால், கைரேகை நிபுணரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மெக்ரேயாக இருந்தால் கீழேயுள்ள தேநீர்க் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த அறைக்கு எத்தனை பேருக்கான அரிசி போயிற்று, மருந்துச் சீட்டோடு ஓடியவர் யார், ஊருக்குப் போன் பேசும்போது படிக்கட்டில் நின்று அழுதவர் யார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகே மாடிக்குப் போவார்.

1954இல் வந்த ஒரு நாவலில், வாடகைக்கு எடுத்த மலிவான மாலை உடையோடு ஓர் இளம்பெண் நள்ளிரவுக்குப் பின் தெருவில் இறந்துகிடக்கிறாள். லோன்யோன் என்ற இன்ஸ்பெக்டர் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அலைந்து, நடைமுறையில் ஒன்றையும் விடாமல் விசாரிக்கிறார். மெக்ரேயோ அவள் எத்தகைய பெண் என்பதை மட்டும் விடாமல் கேட்கிறார். சாட்சி ஒருவர் அவளைப் பற்றிச் சொல்லும் ஒரு செய்தி அவளுடைய இயல்புக்குப் பொருந்தவில்லை என்று அவருக்குப் படுகிறது. முடிச்சு அவிழ்வது அங்கேதான். சூதாட்டமே கதியென்று கிடந்த தாயிடம் வளர்ந்த ஒரு பெண்ணின் நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பதற்கு எந்தப் போலீஸ் வகுப்பிலும் பாடம் இல்லை என்ற கருத்து அந்நாவலின் முடிவில் வருகிறது. வேலூர்க் கோட்டைக்குள் பயிற்சிக் காவலர்கள் ஓடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. லோன்யோன் மீதும் எனக்குப் பெரும் மதிப்புண்டு. அவர் தோற்கும் பக்கங்களை மனம் கனக்காமல் படிக்க முடிந்ததில்லை.

கேள்வி: தமிழில் இத்தகைய போலீஸ் நாயகர் உண்டா? – வாசகர், காட்பாடி

பதில்: ராஜேஷ்குமாரின் விவேக் குற்றப்பிரிவு அதிகாரிதான், பல ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறார். ஆனால் மாவட்டத் தலைநகர் ஒன்றின் காவல் நிலையத்திலேயே வேரூன்றிய ஓர் இன்ஸ்பெக்டரைத் தொடர்கதைதோறும் பின்தொடர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காலையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் விழாவுக்குப் பாதுகாப்பு, நண்பகலில் நீதிமன்றத்தில் சாட்சியம், இரவில் காட்பாடி சந்திப்பில் யாரும் உரிமை கோராத ஒரு பெட்டி: இவ்வளவுக்கும் நடுவே அவர் ஒரு கொலையை விசாரிக்க வேண்டும். நீங்கள் எழுதுகிறவராக இருந்தால் முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள். நானே படித்துக் கருத்து எழுதுகிறேன்.